லிஃப்ட் குழியில் விளைந்த முன்மாதிரி

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் குழி. லிஃப்ட் இல்லாத லிஃப்ட் குழி. உலகத்தில் எத்தனையோ கட்டிடங்களில் லிஃப்ட் ஓடுகிறது. அதனால் என்ன விளைந்தது? ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், அவ்வளவுதான். இந்தக் கட்டிடத்தில் மட்டும்தான் லிஃப்ட் வராமலே இருந்து, அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று சிப்பிக் காளான் விளைந்தது. அந்தப் பெருமை முழுவதும் வீட்டுவசதித் துறையைச் சேரும். துறை மட்டும் அவசரப்பட்டு லிஃப்டை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே பதறுகிறது.

கட்டிடம் 'சகல வசதிகளுடன்' கட்டப்பட்டது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அறையிலும் சுவிட்ச் உண்டு. அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வரும். வெளிச்சம் வராது, ஆனால் சத்தத்துக்குத் துறை கட்டணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு குளியலறையிலும் குழாய் உண்டு. திருகினால் உள்ளே இருந்து ஒரு பெருமூச்சு கேட்கும். கூரையில் மின்விசிறிக்குக் கொக்கி, சுவரில் மணி அடிக்கும் பொத்தான், மாடிக்கு மாடி லிஃப்ட் வாசல், அதன் பக்கத்தில் மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. "இணைப்பு மட்டும்தான் பாக்கி" என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். அந்தப் பாக்கியைத் துறை இன்றுவரை கைவிடவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறது.

நாலாம் மாடியில் ஒரு மருமகள், அவள் கணவன், அவள் மாமனார் என்று மூன்று பேர். கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஃபிரிட்ஜே இல்லாத கட்டிடத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருப்பதற்கு ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும். அவன் காலையில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கரண்ட் இருக்கும் தெருக்களைத் தேடிப் போய்விடுவான்.

மாமனார் ரிட்டயரான பஸ் கண்டக்டர். வேலையில் இருந்த காலம் முழுவதும் ஏறியும் இறங்கியும் மற்றவர்களை ஏற்றியும் இறக்கியும் வாழ்ந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து நடக்க முடியாமல் போனதால், குடிவந்த அன்று நாலு பேர் அவரைச் சக்கர நாற்காலியோடு மேலே தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவன் வழுக்கி, நாலு பேரும் நாற்காலியும் கண்டக்டரும் மொத்தமாக உருளப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவர் இருந்ததால் பிழைத்தார். "இனிமே என்னை இந்தப் படியில தூக்கினா பொணமாத்தான் தூக்கணும்" என்று அன்றே சொல்லிவிட்டார். "கவலைப்படாதீங்க, லிஃப்ட் அடுத்த வாரம்" என்றது துறை. அந்த அடுத்த வாரம் வருஷக்கணக்காக அடுத்த வாரமாகவே இருக்கிறது.

அவர் நாற்காலி லிஃப்ட் வாசலிலேயே நின்றது. பக்கத்து ஜன்னல் வழியாகத் தெரு தெரியும். எதிரே ஒரு சலூன், அதன் வாசலில் ஒரு பெஞ்சு, அப்பால் பஸ் நிறுத்தம்.

"ஏம்மா, அந்த பெஞ்சுல ஒரு நாள் உக்காந்தா போதும்மா" என்பார் மருமகளிடம். "வேற ஒண்ணும் கேக்கல. சூடா ஒரு ஷேவிங். அப்புறம் உக்காந்து ரெண்டு பஸ்ஸைத் திட்டணும்."

"போலாம் மாமா. லிஃப்ட் வரட்டும்" என்பாள் அவள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவளுக்கே நாக்கு கூசும். மாதாமாதம் மனுவை எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போய்வருவாள். அது ஆறு மாடி. அங்கே லிஃப்ட் ஜம்மென்று ஓடும்.

காளான் வந்த கதை இதுதான். தண்ணீரைத் தெருக் குழாயிலிருந்து மேலே ஏற்ற வேண்டுமே என்று கணவன் லிஃப்ட் குழியின் உச்சியில் ஒரு கப்பியை மாட்டினான். கீழே ஒருவர் குடத்தைக் கட்ட, மேலே ஒருவர் இழுக்க, குடம் சுவரில் மோதி மோதிப் பாதித் தண்ணீரைக் குழிக்கே வார்த்துவிட்டு வந்து சேர்ந்தது. சில வாரங்களில் குழி ஊட்டி மாதிரி குளுகுளுவென்று ஆகிவிட்டது. இருட்டு, ஈரம், கீழிருந்து மேலே இடைவிடாத காற்று. மாமனார் அங்கேயே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார்.

"இப்படி ஒரு இடத்தை வச்சுக்கிட்டு காளான் போடாம இருக்கறது பாவம்டி" என்று விதைக் கடையில் வேலை செய்யும் அவளுடைய தோழி ஒருநாள் சொன்னாள். கையோடு ரெண்டு பொட்டலம் காளான் விதையும் கொடுத்தாள்.

தெருக்கோடியில் ஒரு கண்ணாடிச் சாமான் கிடங்கு. பெட்டிக்குள் வைத்து வரும் வைக்கோலை வாசலில் கொட்டிவிடுவார்கள். மருமகள் அதை அள்ளி வந்து, மொட்டை மாடியில் ஒரு பழைய டிரம்மில், உடைந்த பெட்டிப் பலகைகளை எரித்து வேகவைத்தாள். பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு விதை என்று திணித்துக் கட்டி, படுக்கையறையில் மின்விசிறிக் கொக்கியில் தொங்கவிட்டாள். கொக்கிக்கு அன்றுதான் முதல் வேலை கிடைத்தது. பை முழுவதும் வெள்ளை பூத்ததும், கயிற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து லிஃப்ட் குழிக்குள் இறக்கிவிட்டாள். மாமனாருக்குப் பூவாளியும் ஒரு பதவியும் கொடுத்தாள்.

"நாலாம் மாடி தண்ணி ஊத்தியாச்சு! மூணாம் மாடி வருது, மூணாம் மாடி!" என்று அவர் குழிக்குள் குரல் கொடுத்தபடி கயிற்றை இறக்கி ஏற்றுவார். காளான் பைகள் ஏறி இறங்கின. அவர்தான் இறங்கவில்லை.

காளான் விளைந்த விளைச்சலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பையைக் கிழித்துக்கொண்டு கொத்துக்கொத்தாக, காது மடல் காது மடலாக வந்தது. வைத்துக்கொள்ள ஃபிரிட்ஜ் இல்லாததால் பறித்த அன்றே மதியத்துக்குள் விற்றாக வேண்டும். "நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்று கணவன் தலையில் அடித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

இந்த இடத்தில்தான் மருமகள் ஒரு தப்புச் செய்தாள். மனுக்கள் பலிக்கவில்லையே, கண்ணால் பார்த்தாலாவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்து, ஒரு கூடை காளானை அள்ளிக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இணைப்புப் பிரிவு அதிகாரி ஒருவர் இருந்தார். எதற்கெடுத்தாலும் "இது ஒரு முன்மாதிரி" என்பது அவர் வழக்கம். அலுவலகத்தில் அவர் பெயரே 'முன்மாதிரி' என்று ஆகியிருந்தது. அவர் மேஜைமேல் கூடையைக் கவிழ்த்தாள்.

"பாருங்க சார். உங்க லிஃப்ட்ல காளான் முளைச்சிடுச்சு!"

முன்மாதிரி ஒரு காளானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "கரண்ட் இல்லாமலா?"

"கரண்ட் இல்லாததாலதான்."

"தண்ணி இணைப்பு?"

"அதையும்தான் நீங்க கொடுக்கலையே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல."

"புகார் பண்ணியிருக்கேன் சார்."

"இல்லம்மா. சாதனை பண்ணியிருக்கீங்க."

அவள் மறுத்தாள். அவர் கைகுலுக்கினார். அவள் மனுவை நீட்டினாள். அவர் அதில் காளானைச் சுற்றி மேலதிகாரிக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் லிஃப்ட் வந்ததோ இல்லையோ, குழு வந்தது. "இணைப்பில்லா செங்குத்துக் காளான் வளர்ப்பு முன்மாதிரித் திட்ட ஆய்வுக் குழு" என்று அதற்குப் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குழு ரெண்டாம் மாடிக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நாலாம் மாடிக்கு வந்து சேர்ந்ததும் குழியை எட்டிப் பார்த்து, எல்லோரும் ஒரே குரலில் "ஆஹா" என்றார்கள். வெளியே கொளுத்தும் வெயில்; குழிக்குள்ளிருந்து வந்த குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் கூட்டத்தை அங்கேயே நடத்துவது என்று தீர்மானமாயிற்று. மாமனாரின் நாற்காலியைச் சற்று நகர்த்தினார்கள்.

"இதோட ரகசியம் என்னம்மா?" என்றார் முன்மாதிரி.

"என்ன ரகசியம்? தொங்கவிட்டேன், வந்துச்சு. ஏன் வருதுன்னு எனக்கே தெரியல."

"முக்கியமான இடுபொருள்னு எதைச் சொல்வீங்க?"

"வைக்கோல், விதை, அப்புறம் நீங்க."

"நாங்களா?"

"நீங்க லிஃப்டைக் கொடுத்திருந்தா எனக்கு ஏது சார் இடம்?"

குத்தலாகத்தான் சொன்னாள். 'துறையின் பங்களிப்பு கணிசமானது' என்று குழு குறித்துக்கொண்டது. பெரிய மனசு உள்ளவர்களைக் குத்திக் காட்டுவது எளிதல்ல.

மாமனார் நகர்த்தப்பட்ட மூலையிலிருந்து கையைத் தூக்கினார். "தம்பி, ஒரு சந்தேகம். நான் எப்படிக் கீழ போறது?"

"ஐயா, நீங்க ஏன் கீழ போகணும்? பயனாளி மேலேயே இருந்து இரவு பகலா கண்காணிக்கறதுதான் இந்தத் திட்டத்தோட சிறப்பம்சமே."

"எனக்கு ஷேவிங் பண்ணணும்."

"தாடியும் நல்லாத்தான் இருக்கு. படத்துல எடுப்பா வரும்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. "சார், நான் உங்களைக் கூப்பிட்டது லிஃப்டுக்கு" என்றாள்.

முன்மாதிரி குரலைத் தாழ்த்தி, சொந்த அண்ணன் மாதிரி சொன்னார். "அம்மா, இனிமே லிஃப்ட், கரண்ட், தண்ணின்னு வாயெடுத்துடாதீங்க. இணைப்பு கொடுத்தா முன்மாதிரி கெட்டுப்போயிடும். எங்க தலைமை இயக்குநரே நேர்ல வந்து பாராட்டப் போறாரு."

அங்கேதான் ஒரு சிறு இடைஞ்சல் முளைத்தது. தலைமை இயக்குநருக்கு முழங்கால் வலி. நாலு மாடி ஏற முடியாது. காளானைக் கீழே கொண்டுவந்து காட்டலாம் என்று ஒரு கடைநிலை ஊழியர் சொல்லிப் பார்த்தார். செங்குத்துத் திட்டத்தைக் கிடைமட்டமாகத் திறந்து வைப்பது முறையல்ல என்று அவரை அடக்கிவிட்டார்கள். மூன்று கூட்டங்கள் நடத்தி ஒரு முடிவுக்கு வந்தார்கள். லிஃப்ட் இல்லாமல் வளரும் காளானை இயக்குநர் பார்ப்பதற்காக, அந்தக் குழியில் ஒரு லிஃப்ட் மாட்டுவது.

"எங்க சாருக்கு மாடிப்படி ஒத்துக்காதும்மா" என்றார் முன்மாதிரி.

"எங்க மாமாவுக்கும்தான் ஒத்துக்காது. அதைத்தானே இத்தனை வருஷமா எழுதிக் கொடுத்துக்கிட்டிருக்கேன்."

"அவர் இயக்குநர் இல்லையேம்மா."

மாமனார் இயக்குநர் இல்லை என்பது உண்மைதானே.

ஒரே நாளில் வேலை முடிந்தது. துறைக்கு வேகம் இல்லை என்று பேசுகிறவர்கள் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும். கட்டிட வேலைக்குச் சாமான் ஏற்றும் இரும்புக் கூண்டு ஒன்று லாரியில் வந்தது. கூடவே மாடு மாதிரி உறுமும் டீசல் ஜெனரேட்டர். குழிக்குள் லிஃப்டுக்கும் காளானுக்கும் சேர்த்து இடம் இல்லாததால், காளான் பைகளை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுபோகச் சொன்னார்கள்.

"அப்புறம் இயக்குநர் எதைப் பார்ப்பாரு?" என்றான் கணவன்.

முன்மாதிரி ஒரு கணம் திகைத்தார். ஒரே கணம்தான். "பைகளைக் கூண்டுக்குள்ளயே தொங்கவிடுங்க. சார் ஏறும்போதே பார்த்துக்கிட்டே ஏறட்டும்."

அப்படியே நடந்தது. தலைமை இயக்குநர் கூண்டுக்குள் நின்றார். அவர் தலையைச் சுற்றிலும் காளான் பைகள் ஆடின. ஜெனரேட்டர் உறுமியது, கூண்டு ஏறியது, குழி எப்போதும்போல் கீழ்க்காற்றை மேலே இழுத்தது. இந்தத் தடவை அதோடு டீசல் புகையையும் இழுத்தது. இயக்குநர் நாலாம் மாடியில் வெளிப்பட்டபோது மூக்கின்மேல் ஒரு காளான் ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையும் காளானும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. நாலைந்து தும்மல் போட்டுவிட்டு, "பிரமாதம். இயற்கையோட வாசனை" என்றார். மாமனார் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடை மாடி நடையில். ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து மின்விசிறி, மைக், இயக்குநர் தலைக்கு நேராக ஒரு பெரிய விளக்கு. ஒரு வாளியில் ஐஸ் போட்ட தண்ணீர் பாட்டில்கள். கணவன் அந்த ஐஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீண்ட நாள் பார்க்காத சொந்தக்காரனைப் பார்த்தமாதிரி நின்றான்.

இயக்குநர் பேசினார். "மின்சாரம் இல்லை. தண்ணீர் இல்லை. ஆனாலும் இந்த மக்கள் சோர்ந்துவிட்டார்களா? இல்லை! இணைப்பு என்பது ஒரு மனநிலை. இங்கே அந்த மனநிலையே தேவைப்படவில்லை. ஆகவே இன்றுமுதல் இந்தக் கட்டிடத்தை 'பாதுகாக்கப்பட்ட இணைப்பில்லா வளாகம்' என்று அறிவிக்கிறேன். இங்கே எந்த இணைப்பையும் கொடுத்து யாரும் இந்த மக்களைக் கெடுத்துவிடக் கூடாது." மைக் 'கிய்' என்று கத்தியது. அதுவும் கைதட்டலோடு சேர்ந்து நன்றாகத்தான் இருந்தது.

மருமகள் கைதட்டவில்லை. அவள் கண் கூண்டின்மேலேயே இருந்தது. இயக்குநர் ஐஸ் தண்ணீரைக் குடித்து முடித்ததும் நேராக அவர் எதிரே போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு உதவி. நீங்க இறங்கும்போது எங்க மாமாவையும் இறக்கிக்கறோம்."

முன்மாதிரி குறுக்கே வரப் பார்த்தார். இயக்குநர் கையை உயர்த்தினார். அன்று அவருக்கு மனசு நிறைந்திருந்தது. "தாராளமா! பயனாளியும் பயணிக்கட்டும்."

நாற்காலியோடு கூண்டில் ஏற்றினார்கள். கூண்டு அசைந்ததும் மாமனார் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் மாடி வந்தது, போனது. ரெண்டாம் மாடி வந்தது, போனது. "எறங்கறேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் எறங்கறேம்மா." அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக நாக்கு கூசச் சொல்லிவந்தது பொய்யில்லை என்று ஆகிவிட்டதே, அந்த சந்தோஷத்தில் அழுகை வந்தது. புகை வேறு. எது எதனால் என்று பிரித்துச் சொல்வதற்கில்லை.

சலூன்காரர் கடைக்குள் இருந்த ஆளை எழுப்பிவிட்டு அவரை உட்காரவைத்தார். சூடான துண்டு, நுரை, ஷேவிங். தாடி போன முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, "அட, நான் இன்னும் இருக்கேனே" என்றார் மாமனார். அப்புறம் பெஞ்சு. முதல் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. "டேய், நிறுத்தம் இங்க இருக்கு, நீ எங்க நிறுத்தறே!" என்று கையை ஓங்கினார். ரெண்டாவது பஸ் நிற்கவே இல்லை. அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மருமகளும் கணவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சலூன்காரர் கத்தரிக்கோலோடு வாசலில் நின்று சிரித்தார்.

வெயில் ஏறியதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கட்டிடத்துக்குத் திரும்பினார்கள். இயக்குநரின் கார் போய்விட்டிருந்தது. கூண்டைக் கழற்றி லாரியில் பாதி ஏற்றியிருந்தார்கள். புகை படிந்த காளான் பைகள் சுவரோரம் குப்பையாகக் கிடந்தன. முன்மாதிரி கயிறு கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சார்! எங்க மாமா கீழ இருக்காரு!" என்று ஓடினாள் மருமகள்.

"பார்த்தேம்மா. நல்லா ஷேவ் பண்ணியிருக்காங்க."

"அவரை மேல விடணும் சார். ஒரே ஒரு தடவை."

முன்மாதிரியின் முகம் கடமையால் இறுகியது. "அம்மா, கொஞ்சம் யோசிங்க. இது இணைப்பில்லா வளாகம்னு இப்பத்தானே சார் அறிவிச்சாரு? அறிவிச்சதுக்கு அப்புறம் இதுல லிஃப்ட் ஓடினா அது விதிமீறல். அறிவிப்புக்கு முந்தி கேட்டிருந்தீங்கன்னா ஏத்திவிட்டிருப்பேன்."

"அப்ப அவரு மேலேயே இருந்தாரே சார்!"

"அதான் சொல்றேன். அப்ப தேவையும் இருந்திருக்காது."

கணவன் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்தான். எதைக் கழற்றுவது என்று தெரியாமல் திரும்ப வைத்தான். லாரி கிளம்பியது. தெருவில் முன்மாதிரியின் ஜீப் மட்டும் நின்றது.

"டேய்" என்று மகனைக் கூப்பிட்டார் மாமனார். "வெயில் தாங்கல. என்னை அந்த ஜீப்புல கொஞ்சம் நிழலுக்கு உக்காரவை."

கணவனும் சலூன்காரரும் இருபக்கமும் கைகொடுத்து முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். அவர் சாய்ந்து வசதியாக உட்கார்ந்து, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

முன்மாதிரி பதறி ஓடிவந்தார். "ஐயா, இது ஆபீஸ் வண்டி. நான் ஆபீசுக்குப் போகணும். இறங்குங்க."

"நானும் அங்கதான் தம்பி வரேன். உங்க ஆபீஸ்ல லிஃப்ட் ஓடுதாமே? மருமக சொல்லியிருக்கா. எங்க வீட்டுக்கு லிஃப்ட் வர்றவரைக்கும் உங்க ரூம்லதான் இருக்கப் போறேன்."

"அங்க நீங்க என்னய்யா பண்ணுவீங்க?"

மாமனார் வழவழவென்றிருந்த மோவாயைத் தடவிக்கொண்டார். மருமகளைப் பார்த்து, பின்சீட்டில் ஏறச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் ஏறிக்கொண்டாள்.

"ஆராய்ச்சி பண்ணப் போறேன் தம்பி. கரண்டும் இல்ல, தண்ணியும் இல்ல, இந்தக் குழியில இவ்வளவு முளைச்சிருக்கு. உங்க ஆபீஸ்ல கரண்டு இருக்கு, தண்ணி இருக்கு, லிஃப்ட் இருக்கு, மாசாமாசம் சம்பளமும் இருக்கு. இத்தனையும் ஊத்தி இத்தனை வருஷமா அங்க ஏன் ஒண்ணுமே முளைக்கலைன்னு பக்கத்துல உக்காந்து பாக்கணும். டிரைவரை வண்டிய எடுக்கச் சொல்லு."